கடைசிக் குழந்தை யாரு? – கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

ஒரு மொழியோட கடைசி ஆள் இறந்துபோனதப் பத்தி வீடியோ ஒண்ணு பார்த்தேன், ரெண்டு நாளா மனசே சரியில்ல. மூணு சந்தேகம். சின்ன மொழிகள் எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணி ஏஐக்குக் கத்துக்குடுத்துட்டா அதெல்லாம் தப்பிச்சுடும்ல? ஹீப்ரு செத்து மறுபடி எழுந்துச்சே, அதே மாதிரி எந்த மொழியையும் எழுப்பிடலாமா? அப்புறம், தப்பா இருந்தா மன்னிச்சுடுங்க, பலமானது நிக்கும் பலவீனமானது போகும்ங்கறது இயற்கைதானே, இதுக்கு நாம அழணுமா?

பி.கு: எங்க பாட்டி வீட்டுக்குள்ள வேற ஒரு சின்ன மொழி பேசுவாங்க. எழுத்து கிடையாது. அப்பாவுக்குப் புரியும், எனக்குச் சுத்தமாத் தெரியாது. அதப் போன்ல பதிவு பண்ணி வைக்கலாம்னு இருக்கேன்.

*

தம்பி,

உன் மூணு கேள்வியையும் விட அந்தப் பின்குறிப்புதான் என்னை உக்கார வச்சு எழுத வைக்குது. கொஞ்ச நாளா நானும் இதே நினைப்புலதான் சுத்திட்டு இருக்கேன். அதுக்கு வர்றேன்.

முதல்ல அந்த "இயற்கைதானே". இத இனிமே யார்கிட்டயும் சொல்லாத, உன் பாட்டி காதுல விழுற மாதிரி சொல்லவே சொல்லாத. வேல்ஸ்ல 19ஆம் நூற்றாண்டுல பள்ளிக்கூடத்துல வெல்ஷ் பேசுற பிள்ளை கழுத்துல ஒரு மரக்கட்டையத் தொங்கவிடுவாங்க, அடுத்து எவன் வெல்ஷ் பேசி மாட்டுறானோ அவன் கழுத்துக்கு அது போகும், சாயங்காலம் பள்ளி முடியும்போது யார் கழுத்துல கிடக்கோ அவனுக்கு அடி. கழுத்துல கிடக்குறத இறக்கி வைக்கணும்னா இன்னொருத்தனக் காட்டிக்குடுக்கணும், பிள்ளைங்களையே பிள்ளைங்கள வேவு பாக்க வச்சாங்க. ஹவாய்ல 1893ல ராணிய இறக்கிட்டு ஆட்சியப் பிடிச்சவங்க 1896ல சட்டம் போட்டு ஹவாய் மொழிவழிக் கல்விய நிறுத்துனாங்க. அந்தமான்ல 1858ல பிரிட்டிஷ்காரங்க கைதிகள் குடியிருப்பு போட்டாங்க, 1877ல தட்டம்மை பரவி அங்க காலங்காலமா இருந்த மக்கள் கொத்துக்கொத்தா செத்தாங்க. இதுல எதுப்பா இயற்கை? கட்டையா, சட்டமா, கப்பல்ல வந்த நோயா? இலக்கணத்துல பலவீனமா இருந்ததால செத்த மொழின்னு ஒண்ணு கிடையாது. பேசுனவங்கள மிதிச்சாங்க, மொழி போச்சு, அவ்வளவுதான்.

சரி, அந்த வீடியோ. நீ பார்த்தது போவா சீனியர் பத்தினதா இருக்கலாம். அந்தமானோட போ மொழி பேசுன கடைசி ஆள், 2010 ஜனவரில 85 வயசு வாக்குல இறந்தாங்க. அவங்க பேச்சப் பதிவு செஞ்ச மொழியியலாளர் அன்விதா அப்பி சொல்லியிருக்காங்க, தன் மொழில பேச ஆளில்லாம அந்தம்மா பறவைங்ககிட்ட பேசுவாங்கன்னு. அதப் படிச்சு நானும் அழுதிருக்கேன். ஆனா அழுது முடிச்சதும் ஒண்ணு கேக்கணும் தம்பி, அதத்தான் யாரும் கேக்குறதில்ல. ஒரு மொழி போயிடுச்சுன்னா அந்த மொழியோட கடைசிக் குழந்தை யாரு? அது எந்த வருஷம் பிறந்துச்சு, அதுக்கப்புறம் ஏன் இன்னொரு குழந்தை வரல?

அலாஸ்கால ஏயாக்னு ஒரு மொழி. அத பேசுன கடைசி ஆள் மேரி ஸ்மித் ஜோன்ஸ், 2008 ஜனவரில 89 வயசுல இறந்தாங்க, உலகம் பூரா செய்தி ஆச்சு. அவங்களுக்கு ஒன்பது பிள்ளைங்க! ஒருத்தருக்கும் ஏயாக் தெரியாது, ஏன்னா அந்தப் பிள்ளைங்க வளர்ற காலத்துல ஆங்கிலம் தவிர வேற பேசுனா அவமானம்ங்கற சூழ்நிலை. ஒன்பது தடவை ஒரு தாய் தன் குழந்தையத் தூக்கிக் கொஞ்சும்போது தன் சொந்த மொழிய வாய்க்குள்ளயே அடக்கிக்கிட்டாங்க. அந்த மொழி 2008ல சாகல, அந்தத் தொட்டில்கள் பக்கத்துல செத்துச்சு, அன்னைக்கு எந்தப் பேப்பர்லயும் அது வரல. அவங்ககூட பல வருஷம் வேலை செஞ்சு ஏயாக்குக்கு அகராதி போட்ட மைக்கேல் கிராஸ் 1992ல ஒரு கட்டுரைல இதத்தான் தலையில அடிச்சுச் சொன்னார். குழந்தைங்க கத்துக்காத மொழி, ஆயிரம் பெரியவங்க பேசினாலும் சாகக் கிடக்குற மொழிதான். அலாஸ்காவோட 20 பூர்வகுடி மொழில அப்போ வெறும் 2 மொழியத்தான் குழந்தைங்க கத்துக்கிட்டு இருந்தாங்க.

நியூசிலாந்துப் பூர்வகுடிகளோட மாவோரி மொழிக் கணக்கப் பாரு. 1913ல பள்ளிக்கூடம் போற மாவோரிப் பிள்ளைங்கள்ல 90 சதவீதம் பேர் மாவோரி பேசுவாங்க, 1975ல 5 சதவீதத்துக்கும் கம்மி. நடுவுல "கடைசி ஆள்"னு யாராவது இறந்தாங்களா? இல்ல. தாத்தா பாட்டிங்க எல்லாம் இருந்தாங்க, மொழி சபைல கேட்டுச்சு, சடங்குல கேட்டுச்சு, எல்லாம் நல்லா இருக்குற மாதிரியே தெரிஞ்சுச்சு. வீட்டுக்குள்ள குழந்தைகிட்ட குனிஞ்சு பேசும்போது மட்டும் ஆங்கிலம். அவ்வளவு போதும், ரெண்டு தலைமுறைல முடிஞ்சுபோகும்.

இதக் கேட்டதும் பெத்தவங்க மேல கோவம் வரும், உனக்கும் உங்க அப்பா மேல, பாட்டி மேல கொஞ்சம் வரும். தயவுசெஞ்சு வேண்டாம். அடி வாங்குன பிள்ளைதான் பெரியவனாகி, என் பிள்ளை அடி வாங்கக்கூடாதுன்னு முடிவு பண்ணுது. துரோகம்னு சொல்றவங்க எல்லாம் அந்த அடிய வாங்காதவங்க.

முன்னாடி என்கூட வேலை பார்த்த ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க அப்பா அம்மா தங்களுக்குள்ள ஒரு மொழி பேசுவாங்க, பிள்ளைங்ககிட்ட வேற மொழி. சண்டைக்கும் பணக் கவலைக்கும் ரகசியத்துக்கும் மட்டும் அந்த முதல் மொழி. அம்மா முடியாம படுத்துட்டப்போ பின்னால கத்துக்கிட்ட மொழி எல்லாம் போயிடுச்சு, பிறந்த மொழி மட்டும் மிச்சம். "அம்மா என்னமோ கேக்குறாங்க, பாதி புரியுது, ஆனா பதிலுக்கு என் வாயில ஒரு வார்த்தை வரமாட்டேங்குது"ன்னு அவங்க சொல்லிட்டு நின்னது எனக்கு இன்னும் மறக்கல. அழிஞ்சுபோன டால்மேஷியன் மொழியும் கிட்டத்தட்ட இப்படித்தான் போச்சு. அட்ரியாட்டிக் கடல்ல ஒரு தீவுல அதத் தெரிஞ்சிருந்த கடைசி ஆள் தூவோனே உதைனா, 1898ல இறந்தார். அவர்கிட்ட யாரும் அந்த மொழில நேரா பேசி வளர்க்கல, வீட்டுப் பெரியவங்க தங்களுக்குள்ள பேசிக்கிட்டதக் கேட்டுப் புடிச்சதுதான் அவருக்குத் தெரிஞ்சது. அந்த மொழியப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பகுதி அந்த ஒருத்தர் தந்தது.

எழுத்து கிடையாதுன்னு ஒரு குறை மாதிரி எழுதியிருக்க. எழுத்து இருந்தா மட்டும்? ஹவாய் மொழில 1834லேருந்து நூறுக்கும் மேல பத்திரிகை வந்துச்சு, ஜனங்க எழுதினாங்க, படிச்சாங்க, கதை, அரசியல், இரங்கல் எல்லாம் அச்சுல இருக்கு. ஆனாலும் 1980கள் தொடக்கத்துல 18 வயசுக்குக் கீழ அந்த மொழி பேசுறவங்க 50 பேர்கூட இல்லன்னு கணக்கு. பள்ளிக்கூடத்துல பாடமா வச்சா? அயர்லாந்துல சுதந்திரம் வந்ததுலேருந்து ஐரிஷ் பாடம் இருக்கு, 2022 கணக்கெடுப்புல 18 லட்சத்துக்கு மேல பேர் தெரியும்னு சொல்றாங்க, பள்ளிக்கு வெளிய தினமும் பேசுறவங்க சுமார் 72,000 பேர்தான். பாடமா இருக்குறது தப்புன்னு சொல்லல, அது வீட்டுக்குள்ள வரணும்னு சொல்றேன்.

மாவோரிக்காரங்க இதப் புரிஞ்சுக்கிட்டாங்க. 1982ல கோஹங்கா ரியோ ஆரம்பிச்சாங்க, பள்ளிக்கூட வயசே வராத குழந்தைங்கள மொழி தெரிஞ்ச பாட்டி தாத்தாங்ககிட்ட விட்டு, நாள் பூரா மாவோரிதான். மாவோரி ஆட்சிமொழி ஆனது 1987ல, அஞ்சு வருஷம் கழிச்சு. குழந்தை முதல்ல வந்துச்சு, சட்டம் பின்னாடி வந்துச்சு. அதப் பார்த்து ஹவாய்க்காரங்க 1984ல பூனானா லியோங்கற ஹவாய் மொழி மழலையர் பள்ளியத் தொடங்குனாங்க.

ஹீப்ரு கேட்டியே. அது நீ நினைக்கிற மாதிரி செத்துக் கிடக்கல, பேச்சுமொழியா இல்லாமப் போச்சு, ஆனா ஜெபத்துலயும் கடிதத்துலயும் புத்தகத்துலயும் விடாம ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. பல நாட்டுலேருந்து பாலஸ்தீனத்துக்கு வந்து சேர்ந்த யூதர்களுக்குப் பொதுவா ஒரு மொழியும் தேவைப்பட்டுச்சு. ஹீப்ருவ மறுபடி பேச்சுமொழியாக்கப் பாடுபட்ட பென் யெஹூதாவுக்கு 1882ல பிறந்த பையன ஹீப்ரு மட்டுமே கேக்க வச்சு வளர்த்தாங்க, அங்கயும் பாரு, ஒரு குழந்தைதான். ஆனா அந்த எழுச்சில, ஐரோப்பிய யூதர்கள் வீட்டுல பேசுன யிட்டிஷ் மொழிய ஒதுக்கித் தள்ளுனாங்க, அதையும் சேர்த்துதான் பேசணும். எல்லா மொழிக்கும் இந்தச் சூழ்நிலை அமையாது.

ஏஐ பத்தி ஒரே ஒரு வார்த்தை: பதிவு நல்லது, அது மொழி ஆகாது. பிரிட்டன் பக்கத்துல இருக்குற மேன் தீவோட மேங்க்ஸ் மொழியத் தாய்மொழியாப் பேசுன கடைசி ஆள்னு சொல்லப்பட்ட நெட் மேட்ரெல் 1974ல இறந்தார், அவரையும் மத்த கிழவர்களையும் முன்னாடியே பதிவு பண்ணி வச்சிருந்தாங்க, இளைஞர்களும் தேடிப்போய் பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டாங்க. அதனாலதான் 2001ல முழுக்க மேங்க்ஸ்வழில ஒரு ஆரம்பப் பள்ளி வர முடிஞ்சுச்சு. 2009ல யுனெஸ்கோ மேங்க்ஸ அழிஞ்ச மொழின்னு போட்டப்போ அந்தப் பள்ளிப் பிள்ளைங்க மேங்க்ஸ்லயே கடிதம் எழுதினாங்க, எங்க மொழி அழிஞ்சுடுச்சுன்னா நாங்க இப்ப எந்த மொழில எழுதுறோம்னு. யுனெஸ்கோ மாத்திக்கிச்சு. மெஷினால அந்தக் கடிதத்த எழுதிட முடியும், ஆனா அந்தக் கோவம் அதுக்கு வராது.

இப்ப உன் பாட்டி. போன்ல பதிவு பண்ணு, நிறைய பண்ணு, ஆனா போன முன்னாடி வச்சுட்டு "பாட்டி பேசுங்க"ன்னு சொல்லிட்டு நீ எழுந்து போகாத. கலிபோர்னியாவுல பூர்வகுடி மொழிகளுக்காக 90கள்ல ஒரு முறை கொண்டுவந்தாங்க, மொழியியலாளர் லியான் ஹிண்டனுக்கு அதுல பெரிய பங்கு. மொழி தெரிஞ்ச ஒரு பெரியவர், கத்துக்கிற ஒரு ஆள், வாரத்துக்கு 10லேருந்து 20 மணி நேரம் சேர்ந்து இருக்கணும், துணி மடிக்கிறது, தோட்ட வேலைன்னு எதையாவது செஞ்சுக்கிட்டே அந்த மொழில மட்டும் பேசணும், புரியலன்னா கையக் காட்டணும், பெரிய மொழிக்கு ஓடக்கூடாது. அகராதி, இலக்கணம்லாம் அப்புறம். "இது என்ன?", "மறுபடி சொல்லுங்க" இந்த ரெண்டையும் முதல் நாளே பாட்டிகிட்ட அவங்க மொழில கேட்டு மனப்பாடம் பண்ணிடு. தப்பா பேசு, அவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

உங்க அப்பாவையும் கூட உக்கார வை. அவர்கிட்ட போய் ஏன் எனக்குச் சொல்லித்தரலன்னு மட்டும் கேட்டுடாத. கேட்டாப் புரியும், வாயில வராதுங்கற நிலைமைல இருக்குறவங்களுக்கு மொழி உள்ள அப்படியே இருக்கும், பக்கத்துல பேச்சு ஓட ஆரம்பிச்சா உன்னைவிட சீக்கிரம் அவர்தான் பேசுவார். அப்புறம் உனக்கு ரெண்டு பேர் இருப்பாங்க.

மூணு மாசம் கழிச்சு எழுது. எத்தனை வார்த்தை கத்துக்கிட்டேன்னு எழுத வேண்டாம், பாட்டி உன்னை என்ன சொல்லித் திட்டினாங்கன்னு எழுது.