அரைச் சுற்றோடு நின்றுபோன அல்டர்னேற்றர் போல்ட்

காரின் அல்டர்னேற்றரை (பற்றரிக்கு மின்னேற்றும் கருவி) பிடித்திருக்கும் போல்ட், கழற்றும்போது அரைச் சுற்றோடு இறுகிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். அதை இனிக் கழற்றும் திசையில் மட்டும் பலமாகத் தள்ளாதீர்கள். மீண்டும் உள்ளே கால் சுற்று முறுக்குங்கள். பிறகு வெளியே கொஞ்சம், உள்ளே கொஞ்சம். ஸ்பானரில் குழாயை மாட்டி இழுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். 8 மில்லிமீற்றர் போல்ட் அதைத் தாங்காது, தலை கையோடு வந்துவிடும்.

வேலணையிலிருந்து தினமும் கடலுக்குக் குறுக்கேயுள்ள பண்ணைப் பாலத்தால் ஓடும் கார் என்றால் உப்புக் காற்றைத்தான் சந்தேகிப்பேன். இரும்பு போல்ட்டும் அது இறங்கும் அலுமினியத் தாங்கியும் (பிராக்கெற்) சேருமிடத்தில் உப்பீரம் பட்டால் அலுமினியம் அரித்து, மரைக்குள் பொடியாக இறுகிவிடும். போல்ட்டின் கழுத்தைச் சுரண்டிப் பாருங்கள்: வெள்ளைப் பொடி வந்தால் இதுதான்.

அப்படியானால் துருநீக்கி எண்ணெயை ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் நன்றாகத் துடைத்துவிட்டு, போல்ட்டை அல்ல, சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். அது இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். வெப்பக்காற்றுத் துப்பாக்கி போதும். காஸ் சுவாலை வேண்டாம். அலுமினியம் சிவக்காமலே உருகிவிடும்.

மரை பாதி தேய்ந்திருந்தால் 8க்கு 1.25 டாப்பை (8 மில்லிமீற்றர் தடிப்பு, 1.25 மில்லிமீற்றர் மரை இடைவெளிக்கான மரை வெட்டும் கருவி) கையால் ஓட்டிச் சுத்தம் செய்யலாம். முழுதாகப் போயிருந்தால் 8.3 மில்லிமீற்றரில் துளைத்து, ஹெலிகொயில் (புது மரையாக அமரும் கம்பிச் சுருள்) பெட்டியிலுள்ள டாப்பால் வெட்டிச் சுருளை இறக்குங்கள். துளை சாய்ந்தால் பெல்ட்டும் சாய்ந்து கீச்சிடும். கை நடுங்குமென்றால் தாங்கியைக் கழற்றிக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

சூடாக்குமுன் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். அருகில் பெற்றோல் குழாய் போகிறதா என்றும் பாருங்கள்.