போல்ட் முந்தியா, குரோத் முந்தியா?

கேள்வி: தம்பியோடு மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு ஆட்டம் ஆடினேன். என் கிரிஸ்லி பேர்ஸ் கரடி (2/2, அதாவது பவர் எனும் தாக்கும் வலு 2, டஃப்னஸ் எனும் தாங்கும் வலு 2) மேல் அவன் 3 டேமேஜ் கொடுக்கும் லைட்னிங் போல்ட் போட்டான். உடனே நான் கரடிக்கு ஜயண்ட் குரோத் (அந்த டர்ன் முடியும்வரை +3/+3) போட்டேன். “நான்தானே முதல்ல போட்டேன்? கரடி செத்தாச்சு” என்று சாதிக்கிறான். யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: கரடி உயிரோடுதான் இருக்கிறது. தம்பியிடம் இந்தப் பக்கத்தை அப்படியே நீட்டுங்கள்.

போட்ட கார்டு போட்டவுடனே வேலை செய்யாது. முதலில் ஸ்டேக் என்ற காத்திருப்பு அடுக்கில் போய் உட்காரும். டிபன் கேரியரில் கடைசியாக வைத்த அடுக்கைத்தானே முதலில் எடுப்போம்? இதுவும் அப்படித்தான். போல்ட் அடியில், குரோத் மேலே. இருவருமே “இனி ஒன்றுமில்லை” என்று பாஸ் சொன்னதும் குரோத் முதலில் ரிசால்வ் ஆகும், அதாவது வேலை செய்யும், கரடி 5/5. பிறகு போல்ட் வந்து 3 டேமேஜ் கொடுக்கும். 5 டஃப்னஸ் உள்ள கரடிக்கு அது போதாது.

“டர்ன் முடிந்ததும் +3 போய்விடுமே, அப்போது சாகாதா?” என்று தம்பி அடுத்த கொக்கியைப் போடுவான். போடட்டும். டர்னின் கடைசிக் கட்டமான க்ளீனப் ஸ்டெப்பில் குரோத்தின் பலனும் வாங்கிய டேமேஜும் ஒரே நேரத்தில் மறைகின்றன. காயமில்லாத 2/2 கரடி அப்படியே மிஞ்சும்.

ஆனால் நீங்கள் முதலில் குரோத் போட்டு, அதற்குப் பதிலடியாக அவன் போல்ட் போட்டிருந்தால் கதை வேறு. போல்ட்தான் மேலே, 2/2 கரடி காலி. குரோத்துக்கு டார்கெட்டே இல்லாமல் போய்விடும், கார்டும் வீண். அதனால் வம்புக்கு முந்திக்கொண்டு குரோத் போடாதீர்கள். எதிராளியைப் போடவிட்டுப் போடுங்கள்.

(1993-இல் வந்த இந்த ஆட்டத்துக்கு ஸ்டேக் வந்தது 1999-இல், சிக்ஸ்த் எடிஷன் விதிகளோடு. அதற்கு முன் ‘இன்டரப்ட்’ என்று தனி வகைக் கார்டே இருந்தது. பழைய கார்டில் அந்தப் பெயரைப் பார்த்தால் மிரள வேண்டாம், இன்று அதை இன்ஸ்டன்டாகவே (போல்ட், குரோத் போல எதிராளி டர்னிலும் போடக்கூடிய கார்டாக) ஆடுகிறோம்.)

கேள்வி: குரோத் வாங்கி 5/5 ஆன கரடி மேல் எதிராளி டர்ன் டு ஃப்ராக் போட்டார். அதில் “1/1 தவளை ஆகும்” என்றுதான் இருக்கிறது. கடைசியாக வந்தது அதுதானே, அப்போது 1/1 தானே?
– இன்னொரு வாசகர்

பதில்: இல்லை, 4/4. மேசையில் அதிகச் சண்டை வருவது இங்கேதான். ஸ்டேக் என்பது கார்டு எந்த வரிசையில் ரிசால்வ் ஆகும் என்பதற்கு மட்டும். ரிசால்வ் ஆனபின் நீடிக்கும் பலன்களைக் கணக்கிட லேயர் என்று தனி விதி உண்டு. பவர், டஃப்னஸை ‘இவ்வளவு’ என்று நிர்ணயிக்கும் கார்டுக்கு முதல் இடம். கூட்டிக் கழிப்பது அதற்குப் பின். எது எப்போது வந்தாலும் 1/1-தான் அடித்தளம், அதன்மேல் +3/+3. உங்கள் எதிராளி குரோத்துக்கு முன்பே தவளை ஆக்கியிருந்தாலும் இதே 4/4-தான் வந்திருக்கும். இரண்டு பலனும் அந்த டர்ன் வரைக்கும்தான். அடுத்த டர்னில் பழையபடி 2/2 கரடி.