பி.பி. ஏறியது ஏன்? ஸ்கேன் சொன்ன பதில்

கேள்வி: வயது 41. நான்கு வருடமாக பி.பி.க்கு அம்லோடிபின் போடுகிறேன். ஆனாலும் 150/96க்குக் கீழே இறங்கவில்லை. போன மாதம் ஸ்கேனில் இரண்டு கிட்னியிலும் ஏகப்பட்ட நீர்க்கட்டிகள். பரம்பரை வியாதி என்கிறார் டாக்டர். கிட்னி வேலையைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் 1.1தான். அப்பச்சி (அப்பா) வழியில் யாருக்கும் இது இல்லை. அம்மா மட்டும் டயாலிசிஸில் இருந்து 58 வயதில் தவறிப்போனார்கள். ஊர்த் தண்ணீர் உப்பாக இருப்பதாலா? மகனுக்கு 19, மகளுக்கு 12. அவர்களுக்கும் ஸ்கேன் எடுக்கணுமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தண்ணீர்மேல் பழி போடாதீர்கள். நகரத்தாரின் குலப்பிரிவான கோயில் பிரிவு அப்பச்சி வழியில்தான் இறங்கும். இந்த நீர்க்கட்டி வியாதியைத் தரும் மரபணுவுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அம்மா வழியிலும் வரும், ஆண் பெண் இருவருக்கும் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி. உறவில் கட்டியதால் வந்தது என்பதும் தப்பு. ஆகவே ஒரு தாளில் அம்மான், சின்னம்மா, கட்டிக்கொடுத்த அக்கா தங்கை என்று எல்லாரையும் எழுதி, யாருக்கு டயாலிசிஸ், யாருக்குச் சின்ன வயதில் பி.பி., யார் மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார் என்று குறித்து டாக்டரிடம் கொடுங்கள்.

உங்கள் பி.பி. தனி வியாதி இல்லை. கட்டிகள் பெரிதாகும்போது பக்கத்து ரத்தக்குழாய்களை நெருக்கும். ரத்தம் குறைகிறதென்று கிட்னி ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். அது குழாயைச் சுருக்கி, உப்பையும் பிடித்துவைக்கும். அதனால்தான் கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே பி.பி. ஏறிவிடுகிறது. 1.1 என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மிச்சமிருக்கும் வடிகட்டிகள் கூடுதல் வேலை பார்க்கின்றன.

அம்லோடிபின் குழாயைத் தளர்த்துமே தவிர ரெனின் வழியை அடைக்காது. அதை அடைப்பவை ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள். இரண்டில் ஒன்றுதான், சேர்த்துப் போடக்கூடாது. நீங்களாக மாற்றவும் வேண்டாம். ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கணும். 1.1 என்பது 1.4 வரை ஏறினால் பொதுவாகப் பயமில்லை. அதைத் தாண்டினால் டாக்டரிடம் போங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 50 வயதுக்குள், கிட்னி நன்றாக வேலை செய்பவருக்கு, தலைசுற்றல் இல்லாமல் தாங்கினால் வீட்டு அளவில் 110/75 வரை இறக்கலாம்.

அதை வீட்டில் அளக்க: காப்பி குடித்து அரை மணி கழியட்டும். முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் உட்காருங்கள். பி.பி. கருவியின் பட்டை சட்டைமேல் இல்லாமல் வெறும் கையில், நெஞ்சு உயரத்தில் இருக்கணும். காலையில் மாத்திரைக்கு முன்னும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை, ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள்.

உப்பு ஆளுக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரணும். மாதத்தில் தீர்ந்தால் எங்கே தப்பு என்று தெரிந்துவிடும். மோர்மிளகாய், வடகம், உப்புக்கண்டம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்குக்கு மேல் ஏறுபவை. இந்துப்புக்கு மாறிப் பயனில்லை, அதுவும் சோடியம்தான். ‘லோ சோடியம்’ உப்பு இன்னும் மோசம்: அதில் பொட்டாசியம் இருக்கிறது, புது மாத்திரையோடு சேர்ந்தால் இதயத் துடிப்பையே குழப்பும். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள்.

மகனுக்கு விருப்பமிருந்தால் ஸ்கேன் எடுக்கலாம். கட்டி தெரியாவிட்டாலும் அந்த வயதில் ‘இல்லை’ என்று முடிவாகாது. மகளுக்கு இப்போதைக்கு வருடம் ஒருமுறை பி.பி. பார்த்தால் போதும்.

காய்ச்சலோடு விலாவலி வந்தால் கட்டியில் சீழ் பிடித்திருக்கலாம், அன்றே போய்விடுங்கள். இதுவரை வராத அளவுக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் வலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வியாதிக்காரர் சிலருக்கு மூளை ரத்தக்குழாயில் புடைப்பு இருக்கும்.