இங்கிலாந்தில் ஐந்தாம் மாதம்: நெஞ்செரிச்சலுக்கும் கால் பிடிப்புக்கும் யாரிடம் போவது?

தங்கச்சி, கோயம்புத்தூரிலிருந்து லெஸ்டர் வந்து மூன்று மாதம், தலைப்பிள்ளை, இப்போது 20 வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். நெஞ்செரிச்சல், ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது, இடுப்பு வலி, மலச்சிக்கல் எல்லாம் இருக்கிறது, மிட்வைஃபை (பேறுகாலத்தைக் கவனிக்கும் மருத்துவச்சி) அடுத்துப் பார்ப்பது 25-ஆவது வாரம்தான், அதுவரை என்ன செய்வது என்பது உங்கள் கேள்வி.

மாதாமாதம் டாக்டரம்மாவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இடைவெளி பயமாகத்தான் இருக்கும். இங்கே நாமாகப் போன் செய்து கேட்க வேண்டும், கேட்டால் பார்ப்பார்கள். முதலில் மிட்வைஃபிடமோ ஜி.பி.யிடமோ (உங்கள் பகுதிக் குடும்ப டாக்டர்) சொல்லி மகப்பேறு மருந்துக் கட்டண விலக்குச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். குழந்தை பிறக்கும் தேதிக்குப் பிறகும் 12 மாதம்வரை மருந்துச் சீட்டுக்குக் காசு இல்லை. என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) பல் வைத்தியமும் இலவசம். ஈறில் ரத்தம் கசிந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

நெஞ்செரிச்சல் வருவதற்குக் காரணம், இரைப்பையின் மேல்வாய்த் தசையை ஹார்மோன் தளர்த்திவிடுவதும் கருப்பை கீழிருந்து அழுத்துவதும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். புளிக்குழம்பையும் காரத்தையும் மதியத்தோடு நிறுத்திக்கொண்டு, இரவுக்கு இட்லியோ தயிர்சாதமோ போதும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்குக் கட்டை வையுங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடிந்து எரிச்சல் கூடும். அப்படியும் அடங்காவிட்டால் பார்மசியில் கர்ப்பிணி என்று சொல்லி கேவிஸ்கான் என்ற நெஞ்செரிச்சல் மருந்தைக் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவரானால் இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள்.

அந்த மாத்திரையை ஆரஞ்சுச் சாற்றோடு விழுங்குங்கள். டீ, காபி சத்தை உடம்பில் சேரவிடாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். நாளுக்குக் காஃபீன் 200 மி.கிராமைத் தாண்டக் கூடாது. ஒரு மக் டீயில் சுமார் 75, இன்ஸ்டன்ட் காபியில் சுமார் 100 இருக்கிறது. மலச்சிக்கலுக்கும் இரும்பு மாத்திரை ஒரு காரணம். தண்ணீர், ஓட்ஸ், கொண்டைக்கடலை, தோலோடு ஆப்பிள் இவற்றைக் கூட்டிப் பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் மாத்திரையை மாற்றித் தரச் சொல்லலாம். ஊரில் யார் சொன்னாலும் விளக்கெண்ணெய் மட்டும் குடிக்காதீர்கள், அது கருப்பையைச் சுருங்க வைக்கக்கூடியது.

கெண்டைக்கால் பிடித்தால் காலை நீட்டி, விரல்களை முழங்கால் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் கெண்டையை நீட்டும் பயிற்சி செய்தால் இரவில் வருவது குறையும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றைக்கே ஜி.பி.க்கோ மகப்பேறுப் பிரிவுக்கோ போன் செய்யுங்கள்.

இடுப்பு வலிக்கு, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுங்கள். காரிலிருந்து இறங்கும்போது இரண்டு காலையும் சேர்த்தே வெளியே திருப்புங்கள். படியில் ஒவ்வொரு படியாக, இரண்டு காலும் வந்த பிறகு அடுத்தது. பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லி இப்போதே கேளுங்கள், காத்திருப்பு நீளம். வலி தாங்காவிட்டால் பாரசிட்டமால். ஐபுப்ரூஃபன் வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த வோலினி வலி மருந்தும் வேண்டாம், அதில் ஐபுப்ரூஃபன் வகையைச் சேர்ந்த டைக்ளோஃபெனாக் இருக்கிறது.

நம்மவர்கள் அசட்டையாக விடும் ஒன்று அரிப்பு. தடிப்பு எதுவுமில்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரித்தால், தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். பித்தநீர் ரத்தத்தில் தேங்குவதால் வருவதாக இருக்கலாம். தெற்காசியப் பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

ரத்தப்போக்கு, நீர் கசிவு, பாரசிட்டமாலுக்கும் அடங்காத தலைவலி, கண்ணில் மின்னல், விலா எலும்புக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது இவற்றில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் மகப்பேறுப் பிரிவின் 24 மணி நேர எண்ணை அழையுங்கள். அது உங்கள் மகப்பேறுக் குறிப்பேட்டிலோ செயலியிலோ இருக்கும். எத்தனை வாரம், என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் 'டமில் இன்டர்பிரட்டர் ப்ளீஸ்' என்றால் போதும், மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் கிடையாது. 24 வாரம் ஆகியும் குழந்தையின் அசைவு தெரியாவிட்டால், 25-ஆவது வாரச் சந்திப்பு பக்கத்தில்தானே என்று இருக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள்.