வலிப்பு வராத இரவையும் எழுதுங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. நான்கு வயதிலிருந்து வலிப்பு. மாதத்தில் இரண்டு மூன்று தரம் வரும், அநேகமாக நித்திரையில். இங்கிலாந்தில் நோயோ இயலாமையோ உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கும் டி.எல்.ஏ. உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். அதே வயதுப் பிள்ளைகளைவிடக் கூடுதல் கவனிப்புத் தேவையில்லை என்று மறுத்துவிட்டார்கள். கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. மேன்முறையீடு செய்து பலன் உண்டா, அக்கா?

பதில்: உண்டு, தங்கச்சி. முதலில் கடிதத்தின் தலைப்பில் உள்ள திகதியைப் பாருங்கள். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிவை மறுபடி பார்க்கும்படி கேட்க வேண்டும். மேன்டேட்டரி ரீகன்சிடரேஷன் என்பார்கள். இந்தப் படியைத் தாண்டாமல் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. இன்றைக்கே போன் எடுத்துக் கேளுங்கள், ஆதாரம் பின்னால் வருகிறது என்றும் சொல்லிவையுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். என் மகளுக்கும் முதலில் மறுப்புத்தான். நான் நிரப்பிய படிவத்தின் பிரதியை மறுபடி வாசித்தபோதுதான் எனக்கே விளங்கியது. "மாதம் மூன்று தரம் வரும், இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும்" என்று எழுதியிருந்தேன். வாசிப்பவர் கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஆறு நிமிட வேலை! மிச்ச நேரம் நான் என்ன செய்தேன் என்று ஒரு வரி இல்லை.

அவள் குளிக்கும்போது கதவைப் பூட்ட விடமாட்டேன், துவாயோடு வாசலிலேயே நிற்பேன். இரவில் மொனிட்டர் என் காதடியில். கட்டில் கிறீச்சிட்டால் எழும்பி ஓடுவேன். பாதி நாள் அவள் சும்மா புரண்டு படுத்திருப்பாள். வலிப்பு என்றால் உடனே நேரம் பார்ப்பேன், ஐந்து நிமிடம் தாண்டினால் வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மருந்தைக் கன்னத்துக்குள் விடும்படி சொல்லியிருந்தார்கள். நின்ற பிறகு நனைந்த விரிப்பையும் உடுப்பையும் மாற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைப் பார்த்தபடி பக்கத்தில் இருப்பேன். இரண்டு நிமிட வலிப்புக்கு ஒரு மணி நேரம். பழகிப்போனதால் அது வேலையாகவே தெரியவில்லை.

சட்டம் கேட்பதும் இதைத்தான்: ஆபத்தைத் தவிர்க்கப் பகல் முழுக்க மேற்பார்வை வேண்டுமா, இரவில் ஒருவர் நெடுநேரமோ அடிக்கடியோ விழித்திருந்து பார்க்க வேண்டுமா. பகல் அல்லது இரவு என்றால் நடுத்தரத் தொகை, இரண்டும் என்றால் உச்சத் தொகை.

ஆகவே இரண்டு கிழமைக்கு டயறி எழுதுங்கள். வலிப்பு வராத இரவுகளும் அதில் இருக்கட்டும்: எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள். வலிப்புத் தாதியிடம் கடிதம் கேட்கும்போது நோயின் பெயர் மட்டும் போதாது, பிள்ளையை ஏன் தனியே விட முடியாது என்று எழுதச் சொல்லுங்கள். பாடசாலையின் பராமரிப்புத் திட்டத்தையும் வாங்குங்கள். ஈ.ஈ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பார்க்கும் பரிசோதனை) சாதாரணம் என்று கடிதத்தில் இருந்தால் பயப்படாதீர்கள். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்தால் சாதாரணமாகவும் வரலாம், அதை வைத்தியரே ஒரு வரியில் எழுதித் தரலாம்.

திரும்பவும் இல்லை என்றால், அந்தக் கடிதத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயம். கட்டணம் இல்லை. நீதிபதி, வைத்தியர், மாற்றுத்திறனாளிகள் விஷயம் தெரிந்த ஒருவர் என மூன்று பேர் கேட்பார்கள். முடிவு எடுத்த நாளில் இருந்த நிலைமையைத்தான் பார்ப்பார்கள், பிறகு வலிப்பு கூடியிருந்தால் அது வேறு விண்ணப்பம். தீர்ப்பாயம் தொகையைக் குறைக்கவும் கூடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். உங்களுக்குக் கிடைத்தது பூச்சியம், குறைய என்ன இருக்கிறது?

தீர்ப்பாயப் படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், தமிழ் என்று எழுதுங்கள், அதற்கும் காசு இல்லை. நான் வீறாப்பில் வேண்டாமென்று போய், விரிப்பு மாற்றுவதைக் கையால் நடித்துக் காட்டினேன்.