மாமியார் கையில் கஜானா

அன்புள்ள அக்காவுக்கு,

அடுத்த மாதம் என் கணவருக்கு 40 வயது. போன வருஷம் கோவாவில் மாண்டவி ஆற்றுக் கேசினோ கப்பல் ஒன்றில் ஏறி இறங்கியதிலிருந்து அவருக்கு அதே பேச்சு. பிறந்தநாளுக்கு வீட்டிலேயே ஒரு கேசினோ இரவு வைக்கலாம் என்று நினைத்தேன். எண் சக்கரம் சுழற்றி ஆடும் ரூலெட் மேசைக்கு வாடகை கேட்டதில் தலை சுற்றிவிட்டது. சாப்பாடு சேர்த்து என்னிடம் இருப்பது 5,000 ரூபாய். வருவது 14 பேர். மாமியார் வேறு "வீட்டுக்குள்ள சூதாட்டமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். ஏதாவது வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள தோழி,

மாமியார் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டில் "பத்து ரூபாய்தானே" என்று காசு வைத்து மூணு சீட்டு ஆடினோம். ராத்திரி பதினொரு மணிக்குள் சித்தப்பா 600 ரூபாய் விட்டிருந்தார். பெரிய தொகை இல்லை. ஆனால் சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வரவில்லை. ஜெயித்த மச்சானுக்கும் சோறு இறங்கவில்லை. அதனால் நிஜக் காசு மட்டும் வேண்டாம்.

ஆளுக்கு 50 புளியங்கொட்டை கொடுங்கள். 700 கொட்டையை யார் எண்ணுவது? ஒரு டம்ளரில் 50 போட்டு, நிற்கும் உயரத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டால் மீதியை அளந்தே கொடுத்துவிடலாம். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுத்துவிடாதீர்கள், அது விஷ விதை. குழந்தைகள் வருவார்கள்.

ரூலெட்டுக்குச் சக்கரமே தேவையில்லை. யார் வீட்டிலாவது தம்போலா பெட்டி இருக்கும். அதில் 1 முதல் 36 வரை உள்ள காய்களை எடுத்துத் துணிப்பையில் போட்டு, பூஜ்யத்துக்கு அதே அளவில் ஒரு பட்டனையும் சேர்த்தால் ஐரோப்பிய ரூலெட்டின் 37 எண்களும் வந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் எடுத்த காயைப் பைக்குள் திரும்பப் போட வேண்டும், மறந்தால் கணக்கே மாறிவிடும். ஒற்றை, இரட்டைக்கு வைத்தவருக்கு வைத்த அளவு லாபம். பூஜ்யம் வந்தால் இரண்டு பக்கமும் கஜானாவுக்கு. தனி எண்ணுக்கு ஒன்றுக்கு 35. ஒரே எண்ணில் 37 தடவை ஒரு கொட்டை வைப்பவர் சராசரியாக ஒரு தடவை ஜெயித்து 35 வாங்குவார், 36 தடவை தோற்பார். ஆக ஒரு கொட்டை நஷ்டம். அந்த மாதிரிக் கொட்டைகளின் மேல்தான் அந்தக் கப்பல் மிதக்கிறது.

இப்போது மாமியார். அவரை ஆட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள், கஜானாவுக்குக் கூப்பிடுங்கள். தாயக்கட்டையை அவர் கையில் கொடுத்துத் தனி மேசை போடுங்கள். சூது என்று முகம் சுளிப்பவர்கள்கூடத் தாயக்கட்டையைப் பார்த்தால் கொஞ்சம் இளகுவார்கள். (தருமர் உருட்டியதும் ஏறக்குறைய இதைத்தான் என்பதை அன்றைக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.) வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நாலு பக்கம் உள்ள இரண்டு கட்டைகள் 16 விதமாக விழும். தாயம், அதாவது ஒன்று, விழ இரண்டு வழி, இரண்டும் வெறுமையாகிப் பன்னிரண்டு விழ ஒரே வழி. அதனால் தாயத்துக்கு ஒன்றுக்கு ஆறும், பன்னிரண்டுக்கு ஒன்றுக்கு 14-ம் கொடுத்தால் போதும், கஜானா மெல்ல நிறையும். இந்தக் கணக்கு மாமியாருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

மூன்றாவது மேசைக்கு இரண்டு சீட்டுக்கட்டும் நல்ல வாய் உள்ள ஒருவரும் வேண்டும். ஆட்டம் 21, அதாவது சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல் அதற்கு அருகே போகிறவருக்கு ஜெயம். சீட்டுப் போடுகிறவர் 16 வரை எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும். படச் சீட்டுகளுக்குப் பத்து, ஏஸுக்கு ஒன்றோ பதினொன்றோ. மற்றதெல்லாம் அவர் பேச்சில்தான் இருக்கிறது.

அலங்காரத்துக்குப் பச்சைப் போர்வையும் தாழத் தொங்கும் பல்பும் போதும், பணத்தைச் சாப்பாட்டில் போடுங்கள். ஆனால் ஆட்டம் முடியும்வரை போண்டா, பஜ்ஜி கண்ணில் படக் கூடாது. எண்ணெய் விரல் பட்ட ஏஸ் எது என்று அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சுண்டலும் ஸ்பூனும் வையுங்கள், பிரியாணி கடைசியில்.

ஒன்பதரைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஏலம் விடுங்கள். காகிதம் சுற்றிய ஆறு பொட்டலங்கள், விலை புளியங்கொட்டையில். ஒன்றில் குக்கர் கேஸ்கெட், ஒன்றில் கடலை மிட்டாய், இப்படி. கடைசிப் பொட்டலத்தில் உங்கள் கணவருக்கு வாங்கிய பரிசு இருக்கட்டும். அவர் கையில் கொட்டை தீர்ந்திருந்தால் அம்மாவிடம் கடன் கேட்கட்டும். வட்டி எவ்வளவு என்று அம்மாவே சொல்லட்டும்.