போனஸ் புரியாமல் அட்வான்ஸ்டு வகுப்பு எதற்கு?

கேள்வி: துவாசில் ஒரு சிஎன்சி (கணினி இயக்கும் எந்திர) பட்டறையில் தரச்சோதனைப் பொறியாளராக இருக்கிறேன். வயது 31, சிங்கப்பூர்க் குடிமகன். துளை இடம் தவறியதென்று நான் ஒதுக்கும் பாகங்களை வாடிக்கையாளர் சரிதான் என்கிறார். இரண்டு நாள் ‘அட்வான்ஸ்டு ஜிடி அண்ட் டி’ (வடிவம், இடம் ஆகியவற்றின் பிழை வரம்பை வரைபடத்தில் குறிகளால் சொல்லும் முறை) வகுப்பில் சேரச்சொல்லி முகவர் ஒருவர் நச்சரிக்கிறார். பயிற்சிக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் காலாவதியாகிவிடுமாம். சேரலாமா?

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் அனுப்பிய எண்களிலேயே விடை இருக்கிறது. துளை 10.0 முதல் 10.2 மி.மீ.; பொசிஷன் டாலரன்ஸ், அதாவது துளையின் மையம் இருக்கவேண்டிய வட்டம், விட்டம் 0.2; பக்கத்தில் வட்டத்துக்குள் எம் என்ற குறி. அளந்த துளை 10.12. மையம் எக்ஸில் 0.08, ஒய்யில் 0.09 விலகியிருக்கிறது. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால் 0.241. அது 0.2ஐத் தாண்டியதும் ஒதுக்கிவிட்டீர்கள். எம் இருந்தால், துளை 10.0ஐவிட எவ்வளவு பெரிதோ அவ்வளவும் போனஸ், அதாவது கூடுதல் டாலரன்ஸ். 0.2உடன் 0.12 சேர்ந்து 0.32 வரை போகலாம். பாகம் பாஸ். எம் இல்லையென்றால் உங்கள் முடிவே சரி.

ஒரு இடத்தில் மட்டும் நிதானம் தேவை. டேட்டம் (அளப்பதற்கு ஆதாரமாக எடுக்கும் பகுதி) பி ஒரு துளையாக இருந்து, அந்த எழுத்துக்குப் பக்கத்திலும் எம் போட்டிருந்தால், அதில் கிடைக்கும் தளர்ச்சியையும் பலர் போனஸோடு கூட்டிவிடுகிறார்கள். கூட்டக்கூடாது. ஒரு பாகத்தில் நான்கு துளைகள் இருந்தால், நான்கும் சேர்ந்து, ஒரே பக்கமாக நகரலாம் என்பதுதான் அதன் பொருள். ஒன்றைக் காப்பாற்ற 0.05 இடப்பக்கம் தள்ளினால் மற்ற மூன்றும் கூடவே போகும். அவற்றில் ஒன்று வெளியே விழுந்தாலும் பாகம் கழிவுதான். சிஎம்எம் என்ற அளவிடும் எந்திரத்தில் ‘பெஸ்ட் ஃபிட்’ அழுத்திப் பச்சை விளக்கு வாங்குவது இதற்கு ஈடாகாது. அது டேட்டத்தையே விட்டுவிட்டுத் துளைகளைத் தனக்கு வசதியாகப் பொருத்திக்கொள்ளும்.

முகவருக்கு வருவோம். முதலில் கொடுத்த 500 வெள்ளி கிரெடிட்டுக்குக் காலாவதியே இல்லை. 2020ல் கொடுத்த கூடுதல் 500 வெள்ளிக்குத்தான் 2025 டிசம்பர் 31 என்று கெடு வைத்தார்கள். அரசுச் சேவைகளுக்கான உங்கள் சிங்பாஸ் கணக்கில் நான் நுழைந்து பதிந்து தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ‘அட்வான்ஸ்டு’ என்ற சொல்லுக்கு எந்தத் தரநிலையிலும் இலக்கணம் கிடையாது, யாரும் ஒட்டிக்கொள்ளலாம். வகுப்புக்குப் போனதற்கான தாளும் ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) தேர்வில் பெறும் சான்றிதழும் ஒன்றல்ல. வரைபடம் படிக்கத் தெரியாதவர் கையிலும் அந்தத் தாளைக் கொடுத்தனுப்பும் ஏற்பாட்டை எத்தனை காலம்தான் பொறுப்பது?

எப்போது சேர்ந்தாலும், முதலில் உங்கள் வரைபடத்தின் தலைப்புக் கட்டத்தில் ஏஎஸ்எம்இ ஒய்14.5 என்றிருக்கிறதா, ஐஎஸ்ஓ என்றிருக்கிறதா பாருங்கள். ஏஎஸ்எம்இயில் அளவு வரம்பே வடிவத்தையும் கட்டுப்படுத்தும். ஐஎஸ்ஓ 8015இல் தனியாகக் குறித்தால்தான். பயிற்றுநரிடம் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். ஏஎஸ்எம்இயின் 2018 பதிப்பு கான்சென்ட்ரிசிட்டி (மைய ஒற்றுமை), சிமெட்ரி (சமச்சீர்) குறிகள் இரண்டையும் நீக்கிவிட்டது. அவற்றை இன்னும் நடப்பு விதியாகச் சொல்பவரிடம் போகவேண்டாம். உங்கள் பட்டறை வரைபடத்தையும் சிஎம்எம் அறிக்கையையும் வகுப்பில் வைத்துப் பார்க்க ஒப்புக்கொள்பவரிடம் மட்டும் பணம் கட்டுங்கள்.